குட்டிப் பாகம், பெரிய சவால்: பிளாஸ்டிக் மோல்டிங்கில் சின்னது ஏன் கஷ்டம்?

மேட்டுப்பாளையம் என்றதும் ஊட்டி மலை ரயில் ஞாபகம் வருதா? இது வேற மேட்டுப்பாளையம். புதுச்சேரியில், பிப்டிக் தொழிற்பேட்டை இருக்கும் ஊர். இங்கே மோல்டிங் யூனிட் வைத்திருக்கும் ஒருவருக்கு, அரிசியைவிடச் சின்ன பாகம் ஒன்றுக்கு ஆர்டர் வருதுன்னு வைத்துக்கொள்வோம். இருக்கிற மெஷினிலேயே ஓட்டிவிடலாமா?

மோல்டிங் எப்படி நடக்கிறது?

பிளாஸ்டிக் குருணைகள் சூடான பேரலில் உருகும். உள்ளே சுழலும் ஸ்க்ரூ அந்தக் குழம்பை அழுத்தி அச்சுக்குள் தள்ளும். ஆறியதும் அச்சு திறந்து, பாகம் வெளியே வரும்.

சின்னதானால் சுலபம்தானே?

அதுதான் இல்லை. ஒரு குருணையின் எடையே சுமார் 20-30 மில்லிகிராம். சில பாகங்கள் அதைவிட லேசு!

முதல் சிக்கல், காத்திருப்பு. பேரலில் 50 கிராம் இருக்கு, ஒரு முறைக்கு 1 கிராம்தான் செலவாகிறது, 20 விநாடிக்கு ஒரு முறை அச்சு திறக்கிறது என்றால், குழம்பு 16 நிமிடத்துக்கும் மேல் சூட்டிலேயே கிடக்கும். சிலவகை பிளாஸ்டிக் அதில் கருகும், வலுவிழக்கும்.

இரண்டாவது, சுருக்கம். பாலிபுரொப்பிலீன் ஆறும்போது சுமார் 1 முதல் 2.5% வரை சுருங்கும். 10 மி.மீ. பாகத்தில் 1.5% என்றால் 0.15 மி.மீ. கிட்டத்தட்ட இரண்டு தலைமுடி தடிமன். அதைக் கணக்கிட்டு அச்சைச் சற்றுப் பெரிதாக வெட்டணும்.

மூன்றாவது, கழிவு. பாகத்துக்குக் குழம்பைக் கொண்டுபோகும் 'ரன்னர்', பாகத்தைவிடப் பல மடங்கு எடை இருக்கலாம்.

தீர்வு என்ன?

நுண் மோல்டிங் மெஷின்களில் உருக்க ஒரு ஸ்க்ரூ, செலுத்த சில மில்லிமீட்டர் விட்டமுள்ள தனி பிளஞ்சர். சுவாரசியம் என்னன்னா, 1872-ல் அமெரிக்காவின் ஹையாட் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற முதல் மெஷினே பிளஞ்சர் வகைதான். ஸ்க்ரூ வந்தது 1946-ல்.

ஆகவே ஆர்டரை ஏற்கும் முன் பாகத்தின் எடையோடு பேரலின் கொள்ளளவையும் பாருங்க. அச்சு வடிவமைப்பைக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு, 1968-ல் சென்னை கிண்டியில் தொடங்கிய சிப்பெட் இருக்கு. பாகம் சின்னதாக ஆக, மெஷினைவிட அச்சு செய்பவரின் கைக்குத்தான் மதிப்பு கூடுது.