டாக்டர் வாத்தியாருக்கும் மனசு உண்டு!

"டாக்டருக்கென்ன கவலை?" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதிலும் மெடிகல் காலேஜில் பாடம் நடத்தும் டாக்டர் என்றால் கேட்கவே வேண்டாம். கௌரவமான உத்தியோகம், கை நிறையச் சம்பளம்! ஆனால் 1965ல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியிலும் சரி, குரோம்பேட்டை பக்கத்துத் தனியார் கல்லூரிகளிலும் சரி, அவர்கள் படும் பாடு வீட்டாருக்குத்தான் தெரியும்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு டாக்டரம்மா. அவர் மாமியார் ஒரு நாள், "வீட்டுக்கு வந்தா யாரோடயும் பேசறதில்லேம்மா. குழந்தை நோட்டை நீட்டினாக்கூட எரிஞ்சு விழறா. ராத்திரி தூக்கமும் இல்லே" என்று குறைப்பட்டுக் கொண்டார். வீட்டில் எல்லோரும் அதைத் திமிர் என்றே முடிவு கட்டியிருந்தார்கள்.

திமிர் இல்லை, சகோதரிகளே! அவர்களுக்கு ஒரு வேலையா? வார்டில் நோயாளிகள், பிறகு வகுப்பு, பரீட்சைத் தாள், பதவி உயர்வுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை. இன்ஸ்பெக்‌ஷன் பரபரப்பு வேறு. பயமும் உண்டு. 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் நோயாளியின் மகனே டாக்டரைக் கத்தியால் குத்தியது மறக்குமா? இத்தனைக்கும் நடுவே மாணவர்கள் முன் கலங்காமல் நிற்க வேண்டும்.

ஓயாத வேலைச் சுமை மனதை வற்றச் செய்யும் நிலைக்கு உலக சுகாதார நிறுவனம் 2019ல் மூன்று அடையாளங்கள் சொன்னது: உடம்பில் தெம்பே இல்லாத களைப்பு, வேலையில் வெறுப்பு, முன்போல் வேலை ஓடாமை. இது நோயல்ல, வேலையால் வருவது. ஆனால் கவனிக்காமல் விட்டால் மனச்சோர்வில் கொண்டு விடலாம்.

நாம் என்ன செய்யலாம்? வீட்டுக்குள் நுழைந்ததுமே கேள்விகளை அடுக்காதீர்கள். அரை மணி சும்மா விடுங்கள். சாயங்காலம் தலைவலி, முழங்கால் வலி என்று அக்கம்பக்கத்தார் வந்தால், "நாளைக்கு ஆஸ்பத்திரியிலே காட்டுங்களேன்" என்று நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். அவரே வாய் திறந்தால் புத்தி சொல்லாமல் கேளுங்கள்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். "தெரிஞ்சவங்க பார்த்துட்டா?" என்று டாக்டர்களே தயங்குவதுண்டு. அவர்களுக்கும் 14416 என்ற இலவச எண் இருக்கிறது; 24 மணி நேரமும் பேசலாம், ரகசியம் காக்கப்படும். "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள்.

ஊருக்கே மருந்து எழுதும் கைதான். ஆனால் அந்தக் கையைப் பிடித்து, "வா, நாமும் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம்" என்று சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும்.