யூடியூப் காசும் லயத்து விலாசமும்

கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களில் கைத்தொலைபேசியால் காணொளி எடுத்து யூடியூப்பில் இடும் இளைஞர் பலரை நாம் சந்திக்கிறோம். "ஃபாதர், காசு எப்ப வரும்?" என்றே முதலில் கேட்கிறார்கள்.

முன்பு 10,000 பார்வைகள் போதுமாயிருந்தன. மோசடிக்காரரைத் தடுக்கவென 2018 பெப்ரவரியில் விதி இறுகியது. விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரரும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஐந்து நிமிடக் காணொளி ஒன்றை 48,000 தடவை முழுமையாகப் பார்த்தால்தான் அந்த மணிக்கணக்கு நிரம்பும். போஞ்சிப் பாத்தியைக் காட்டி நம் பேச்சுத் தமிழில் பேசுபவருக்கு இது இலேசான காரியமா? 2023இல் 500 சந்தாதாரர் என்று ஒரு தளர்வு வந்தது. அது இரசிகர் தரும் அன்பளிப்புக்கே, விளம்பரப் பங்குக்கு அல்ல.

இதைத் தாண்டினாலும் தபால் தடை இருக்கிறது. வருமானம் 10 டொலரை எட்டியதும் கூகிள் இரகசிய இலக்கமொன்றைக் கடிதத்தில் அனுப்பும். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். லயத்தில் தனி வீட்டு இலக்கம் எத்தனை பேருக்கு உண்டு? தோட்டத்துக் கடிதங்கள் காரியாலயம் வழியாகவே வந்து பழகியவை. இடம்பெயர்ந்து தற்காலிகக் கொட்டிலில் இருப்போர் எந்த விலாசத்தை எழுதுவது?

கடிதம் நிச்சயமாகக் கைக்கு வரும் விலாசத்தையே கொடுங்கள். வங்கிக் கணக்கிலுள்ள பெயரையே எழுதுங்கள். 100 டொலர் சேரும்வரை கொடுப்பனவு இல்லை. அதை நம்பி நகையை அடகு வைத்துக் கமரா வாங்காதீர்கள். சிலருக்கு எமது பங்குமனை விலாசத்தைக் கொடுத்திருக்கிறோம். கடிதம் வந்தால் ஞாயிறு பூசைக்குப் பின் கையில் தருவோம்.