வலி தாடையில், திருகல் கழுத்தில்

தாடை வலிக்குக் கைரோபிராக்டிக் எனப்படும், எலும்பு மூட்டுகளைக் கையால் திருகும் சிகிச்சைக்குப் போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, சிகிச்சை தருபவரின் கை எங்கே போகிறது என்பதை. கோளாறு இருப்பது காதுக்குச் சற்று முன்னால், தாடை மூட்டில். படுக்க வைத்ததும் பல இடங்களில் பிடிப்பதோ கழுத்தை. "கழுத்தெலும்பு நேரானால் தாடை தானாகச் சரியாகும்" என்பார்கள். அடுத்த நொடி ஒரு வெட்டு, 'மடக்'கென்று சத்தம். முடி வெட்டி முடித்ததும் சலூனில் கழுத்துக்குச் சொடக்கு எடுப்பார்களே, ஆபத்து என்று பார்த்தால் அதுவும் இதுவும் ஒரே இனம். கட்டணம்தான் வேறு.

எலும்பு இடம் சேர்ந்ததால் அந்தச் சத்தம் வருவதில்லை. மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியின் சத்தம் அது.

கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக இரண்டு தமனிகள் மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டு போகின்றன. வேகமாகத் திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்தால், அங்கே உறையும் இரத்தம் மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கலாம். 2016இல் லாஸ் ஏஞ்சலிஸில் 34 வயது மாடல் ஒருவர் இப்படித்தான் இறந்தார். தமனி கிழிந்ததற்குக் கைரோபிராக்டர் கழுத்தைத் திருகியதே காரணம் என்று மரண விசாரணை அலுவலகம் பதிவு செய்தது. அரிதாக நடப்பதுதான். ஆனால் தாடை மூட்டு வலி உயிரை எடுக்கும் நோயல்ல. அதற்காக அந்த அரிய ஆபத்தைக்கூட ஏற்கத் தேவையில்லை என்பதே என் கருத்து.

கைவைத்துச் செய்யும் சிகிச்சையே ஆகாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 2023 டிசம்பரில் 'பிஎம்ஜே' மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டி, நாள்பட்ட தாடை வலிக்கு மூட்டை மெல்ல அசைத்துத் தளர்த்துவதையும், தசை முடிச்சுகளை அழுத்திவிடுவதையும், தாடைப் பயிற்சியையும், வலியைச் சமாளிக்க உதவும் உளவியல் சிகிச்சையையும் வலுவாகப் பரிந்துரைக்கிறது. மூட்டுக்குள் இருக்கும் தட்டை எடுத்துவிடும் அறுவை வேண்டாம் என்றும் சொல்கிறது. தாடையை மெல்ல அசைப்பது வேறு, கழுத்தை வெட்டித் திருப்புவது வேறு. முன்னதைப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் செய்வார்.

அதற்கும் முன்னால் பல் மருத்துவரிடம், முடிந்தால் முகத்தாடை அறுவை நிபுணரிடம் காட்டிவிடுங்கள். தாடையில் வலிப்பதெல்லாம் மூட்டு வலி அல்ல. உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடியவில்லை, பாக்கு அல்லது குட்கா பழக்கமும் உண்டு என்றால், வாயின் உட்தோல் இறுகும் நோயாக இருக்கலாம். அது புற்றுநோயாக மாறக்கூடியது. 50 வயதைத் தாண்டியவருக்கு மெல்லும்போது தாடையும் கூடவே நெற்றிப்பொட்டும் வலித்தால் இரத்தக்குழாய் அழற்சியா என்று உடனே பார்க்க வேண்டும்; தாமதித்தால் பார்வை போகலாம். மார்பு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்த தாடை வலி மாரடைப்பாக இருக்கலாம். இவற்றில் எதையும் திருகிச் சரிசெய்ய முடியாது.

கைரோபிராக்டிக்குக்கு என்று தனிச் சட்டக் கவுன்சில் இந்தியாவில் இல்லை. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்றிருந்தால் எந்தக் கவுன்சிலில் பதிவு, எண் என்ன என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. பதிவு பெறாமல் நவீன மருத்துவம் பார்த்தால் 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றைச் சொல்லாமல் பெறும் ஒப்புதல் முறையான ஒப்புதல் ஆகாது என்பதை 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. "எது நடந்தாலும் பொறுப்பல்ல" என்ற தாளில் கையெழுத்து வாங்கிவிட்டதாலேயே அலட்சியத்துக்கு மன்னிப்புக் கிடைத்துவிடாது. "கழுத்தைத் தொடக் கூடாது" என்று சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

திருகலுக்குப் பின் இதுவரை அனுபவித்திராத கழுத்துவலி அல்லது தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை, தள்ளாட்டம் என்று எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். இவை சில நாள் கழித்துக்கூட வரலாம். கழுத்தில் என்ன செய்தார்கள் என்பதை மருத்துவமனையில் மறைக்காமல் சொல்லுங்கள். பக்கவாதம் என்றால், உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

சிகிச்சை தந்த நிலையத்தின் மீது மாவட்ட மருத்துவ இணை இயக்குநரிடம் புகார் தரலாம். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995இலேயே முடிவானது. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். வழி கேட்க 1915 என்ற உதவி எண் உண்டு. எல்லாருக்கும் இலவசமாக நடத்தும் முகாமில் நடந்த திருகலுக்கு இந்தச் சட்டம் பெரும்பாலும் உதவாது. ஆகவே பணம் கட்டினால் அதற்குச் சான்றாக ரசீது வாங்குங்கள். தர மறுத்தால் ரொக்கமாகக் கொடுக்காமல் ஜிபேயில் அனுப்புங்கள்.