எதிர்ப்பொருள் எவ்வளவு இருந்தால் போதும்?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் ஹெச்.பி.வி. அதற்கான தடுப்பூசியில் இருப்பது வைரஸின் மேலுறை மட்டுமே. எல்1 என்ற புரதத்தை ஈஸ்டிலோ பூச்சியின் செல்களிலோ தயாரித்தால், அது ஐந்தைந்தாகக் கொத்துச் சேரும். அப்படி 72 கொத்துகள் கூடி, சுமார் 55 நானோமீட்டர் விட்டமுள்ள கோளமாகத் தாமே உருவெடுக்கும். உள்ளே டி.என்.ஏ கிடையாது. பொக்குக் கடலை மாதிரி, மேலுக்கு முழுசாகத் தெரிந்தாலும் முளைக்க ஒன்றும் இல்லை. இதுதான் வைரஸ் போன்ற துகள்.

1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இந்தத் துகளை உருவாக்கியபோது, முக்கிய வகையான ஹெச்.பி.வி 16 மட்டும் முரண்டு பிடித்தது. ஆய்வகங்கள் அதுவரை கையாண்ட ஜீன் ஒரு புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் 202ஆவது இடத்தில் அமினோ அமிலம் ஒன்று மாறியிருந்ததால் உறை சரியாகக் கூடவில்லை. புற்றாக மாறாத திசுக்களிலிருந்து எடுத்த ஜீனைப் பயன்படுத்தியதும் துகள்கள் தாராளமாகக் கிடைத்தன. வடிவம் குலைந்த எல்1 புரதத்தால் வைரஸை முடக்கும் எதிர்ப்பொருள் உருவாவதில்லை என்பதால், இந்தத் திருத்தம் இல்லாமல் தடுப்பூசியே இல்லை.

இயற்கையாகத் தொற்றும்போது வைரஸ் மேல்தோலைத் தாண்டி ரத்தத்துக்குள் வருவதில்லை. அதனால் தொற்றிய பெண்களில் கணிசமானோருக்கு எதிர்ப்பொருளே தென்படாது. தென்பட்டாலும் அளவு சொற்பம். தசையில் போடும் ஊசியோ துகள்களை நேரே நிணநீர்க் கணுக்களுக்கு அனுப்புகிறது. ஒரே வடிவம் நெருக்கமான இடைவெளியில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருப்பதால், எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்லின் பல ஏற்பிகள் ஒரே சமயத்தில் துகளில் பிணைகின்றன. எலும்பு மஜ்ஜையில் நெடுநாள் வாழ்ந்து எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் இதனால் உருவாகின்றன. எதிர்ப்பொருளின் அளவு முதலில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கி, ஒரு மட்டத்தில் பத்தாண்டுக்கும் மேலாக நிலைத்து நிற்கிறது.

ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் கருப்பைவாயின் சளியில் கசிகிறது. நுண்ணிய சிராய்ப்பு ஏற்பட்டால் நிணநீரோடு அங்கேயும் வந்து சேர்கிறது. வைரஸ் தொற்றுவதற்கும் அதே சிராய்ப்புதான் வழி. அடித்தளச் சவ்வில் ஒட்டிக்கொண்ட பிறகு செல்லுக்குள் நுழைய அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். அந்த அவகாசத்தில் சிறிதளவு எதிர்ப்பொருள்கூட அதை முடக்கிவிடுகிறது.

எவ்வளவு சிறிதளவு என்பதில்தான் சிக்கல். இதற்குக் கீழே போனால் பாதுகாப்பு இல்லை என்று சொல்லும் எல்லைக்கோடு இன்றுவரை வரையப்படவில்லை. ஊசி போட்டவர்களில் நோய் கண்டவர்கள் மிகக் குறைவு என்பதால் கோடு போட வழியும் இல்லை, தேவையும் இல்லை என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் கோடு இல்லாத இடத்தில் பரிசோதனை முறையே தீர்ப்பைத் தீர்மானித்துவிடுகிறது. நான்கு வகைகளுக்கான தடுப்பூசி போட்டவர்களை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, சுமார் 40 சதவீதம் பேருக்கு ஹெச்.பி.வி 18க்கான எதிர்ப்பொருள் ‘இல்லை’ என்று முடிவு வந்தது. அவர்கள் பாதுகாப்பை இழந்திருக்கவில்லை. அந்தச் சோதனை துகளின் ஒரே ஓர் இடத்தில் ஒட்டும் எதிர்ப்பொருளை மட்டுமே கணக்கெடுத்தது.

ஒரே டோஸ் போதுமா என்ற கேள்வியும் இங்கேதான் வந்து நிற்கிறது. இந்தியாவில் 2009இல் இரண்டு டோஸையும் மூன்று டோஸையும் ஒப்பிட ஓர் ஆய்வு தொடங்கியது. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதன் மையங்களில் ஒன்று. வேறொரு ஹெச்.பி.வி தடுப்பூசித் திட்டத்தைச் சுற்றி எழுந்த சர்ச்சையால் 2010இல் ஊசி போடுவது நின்றுபோக, ஏறத்தாழ 5,000 சிறுமிகள் ஒற்றை டோஸோடு நின்றார்கள். 2021இல் வெளியான முடிவுகளின்படி, 16, 18 வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிராக ஒரு டோஸின் பாதுகாப்பு 95.4 சதவீதம், மூன்று டோஸுக்கு 93.3 சதவீதம். ஒற்றை டோஸ் பெற்றவர்களின் எதிர்ப்பொருள் குறைவு, ஆனால் பாதுகாப்பில் குறையில்லை. கோஸ்டாரிகாவில் நடந்த ஆய்விலும் இதே கதைதான். அங்கே ஒரு டோஸ் பெற்றவர்களின் எதிர்ப்பொருள் அளவு, இயற்கைத் தொற்றில் கிடைப்பதைவிட ஹெச்.பி.வி 16க்கு சுமார் 9 மடங்கு.

புதிதாக வரும் தடுப்பூசிகளுக்குப் பெரும்பாலும் இப்படிப் பத்தாண்டு காத்திருந்து பார்ப்பதில்லை. பழைய ஊசி தரும் எதிர்ப்பொருளுக்குப் புதியது குறையவில்லை என்று காட்டினால் அனுமதி கிடைக்கிறது. விலை குறையவும் ஊசி பரவலாகவும் அது உதவுகிறது. ஆனால் ஓர் ஆய்வகத்தின் எண்ணை இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு அப்படியே ஒப்பிட முடியாது. 16, 18 வகைகளுக்குச் சர்வதேச அலகுகள் வந்துவிட்டாலும், பழைய ஆய்வுகள் பல அவரவர் அளவுகோலிலேயே கிடக்கின்றன. எல்லா ஆய்வகங்களும் பொது அலகில் அளந்து, வைரஸை முடக்கும் திறனையும் சேர்த்துச் சோதித்து, ஒற்றை டோஸ் பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்தால்தான் எதிர்ப்பொருளின் அளவைப் பாதுகாப்பின் அடையாளமாக நம்ப முடியும்.