ஓப்பனிங் பேலன்ஸ் எவ்வளவு, சார்?

பக்கத்து ஸீட்காரர் அசட்டுச் சிரிப்போடு வந்து, "சார், உங்க பிளட் குரூப் என்ன?" என்று கேட்டால், அவர் வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் என்று அர்த்தம். நாள் குறித்ததுமே ரத்தத்துக்கு ஆள் பிடிக்கக் கிளம்பிவிடுகிறோம். பி.காம். படித்தவன் கேட்கிறேன்... கையிருப்பைப் பார்க்காமலே கடன் வாங்கப் போகலாமோ?

என் மாமனாருக்கு முழங்கால் மூட்டு மாற்ற வேண்டியிருந்தது. ஹீமோகுளோபின் பத்தரை. (ஆண்களுக்கு 13-க்குக் குறையக் கூடாது.) டாக்டர் தேதியைத் தள்ளிவிட்டார். "மொதல்ல எங்கே ஒழுகுதுன்னு பார்க்கணும், தம்பி." வயசானவருக்கு இரும்புச்சத்து குறைந்தால் வயிற்றுப்புண், மூலம், சமயத்தில் குடல் புற்றுநோய்கூடக் காரணமாக இருக்கலாமாம். மாமனாருக்கு மூலம். இத்தனை வருஷமாக வெளியே சொல்ல வெட்கம்! அதற்கு வைத்தியம் செய்து, இரும்புச்சத்தையும் ஊசியில் ஏற்றி, இரண்டு மாதத்தில் பன்னிரண்டரைக்குக் கொண்டுவந்தார்கள்.

வரவு ஆச்சு. செலவு?

அதற்கு டிரானெக்ஸாமிக் ஆசிட். உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் பிடித்து வைக்கிற மருந்து. 1960-களில் ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி கண்டுபிடித்தது. மனைவி உட்டாகோ, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு லேபில் வேலை பார்த்தவர். (பேனா மூடி தொலைந்ததற்கு லீவு போடுகிறவர்கள் கவனிக்க!) 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்ட ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேரில், இந்த மருந்து ரத்தப்போக்கு ஆபத்தைக் கிட்டத்தட்ட கால்வாசி குறைத்தது. எல்லாருக்கும் ஒத்துவராது, வலிப்பு, ரத்தக்கட்டி என்று பழைய கதை இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

கடன் எப்போது வாங்குவது? 10-க்குக் கீழே போனால் பாட்டிலை மாட்டு என்பது ரொம்ப காலத்துச் சட்டம். 1999-ல் கனடாவில் 838 ஐ.சி.யூ. நோயாளிகளிடம் சோதித்தார்கள். 7 வரை பொறுத்தவர்களுக்கு ஒன்றும் மோசம் போகவில்லை! இப்போது பொதுவாக 7. எலும்பு ஆபரேஷன், இதய நோய் என்றால் 8. ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, உடனே ஏற்றத்தான் வேண்டும்.

மாமனார் 9-லேயே நின்றுவிட்டார். ஆனால் பெட்டி கேஷ் என்று ஒன்று இருக்கிறதே! டெஸ்டுக்கென்று தினம் உறிஞ்சுகிற ரத்தம். ஐ.சி.யூ.வில் வாரக்கணக்கில் படுத்தால் அதுவே ஒரு பாட்டில் தேறிவிடும். மூன்றாம் நாள் ஊசியோடு வந்த நர்ஸிடம் மாமனார், "இன்னிக்கு எதுக்கும்மா?" என்றார். அந்த அம்மா கேஸ் ஷீட்டைப் புரட்டினார். வவுச்சர் இல்லை!

"நாளைக்குப் பார்த்துக்கலாம், தாத்தா."