காரின் கேமரா பதிவுகளுக்கு எந்த டிரைவ் வாங்கலாம்?

நான் கலிபோர்னியா மாநிலத்தில் பிரீமான்ட் நகரில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை. மளிகைக் கடையில் சாமான்களை வாங்கி வைத்துவிட்டு, காரை நிறுத்துமிடத்திலிருந்து மெதுவாக வெளியே எடுத்தேன். எதிர் வரிசையிலிருந்து ஒரு கார் பின்னோக்கி வருவதைக் கண்டு பிரேக் போட்டு நின்றுவிட்டேன், ஹாரனையும் அடித்தேன். அந்தக் கார் நிற்காமல் வந்து எங்கள் காரின் இடது கதவில் இடித்தது. இறங்கி வந்தவர், நான்தான் வேகமாக வந்து குறுக்கே புகுந்ததாகச் சொன்னார்.

நான் குரலை உயர்த்த ஆரம்பித்தேன். என் மனைவி தடுத்தாள். "எதுக்குங்க சண்டை? நம்ம கார்லதான் நாலு பக்கமும் கேமரா இருக்கே. வீட்டுல போய் எடுத்துக் கொடுத்தா ஆச்சு."

அன்று இரவு காரிலிருந்த பென் டிரைவை எடுத்து லேப்டாப்பில் செருகினேன். டிரைவ் எந்தத் தகராறும் இல்லாமல் திறந்தது. போல்டர்கள் இருந்தன. உள்ளே நூற்றுக்கணக்கான வீடியோ பைல்களும் இருந்தன. ஆனால் கடைசி பைலின் தேதி 19 நாட்களுக்கு முந்தையது! ஒரு பைலை அழிக்கப் பார்த்தேன். டிரைவ் எழுத முடியாதபடி பூட்டப்பட்டுள்ளது என்ற செய்தி வந்தது. சாட்சி இல்லாததால், இரு தரப்பிலும் பாதிப் பாதித் தவறு என்று இன்சூரன்ஸில் முடித்தார்கள். பணம் போனது ஒரு பக்கம். செய்யாத தவறில் பாதியை என் பெயரில் எழுதிக் கொண்டதுதான் இன்னும் உறுத்துகிறது.

தவறு கார் மீது இல்லை. மேஜை டிராயரில் கிடந்த பென் டிரைவை எடுத்துச் செருகிவிட்டு, ஓராண்டுக்கு மேல் திரும்பிப் பார்க்காத என் மீதுதான். அதன் பிறகு இது குறித்து நிறையப் படித்துத் தெரிந்து கொண்டேன். அவற்றை இங்கு உங்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

கார் எப்படிப் பதிவு செய்கிறது?

எங்களுடையது 2019 ஆம் ஆண்டின் டெஸ்லா மாடல் 3. டெஸ்லா கார்களில் டேஷ்கேம் வசதி 2018 அக்டோபரில், 9 ஆம் பதிப்பு மென்பொருளுடன் வந்தது. முதலில் முன்புறக் கேமரா மட்டுமே பதிவானது. பின்னர் இடது, வலது மற்றும் பின்புறக் கேமராக்களும் சேர்ந்தன. நிறுத்தி வைத்திருக்கும்போது காரைக் கண்காணிக்கும் சென்ட்ரி மோட் 2019ல் கிடைத்தது.

ஒவ்வொரு கேமராவின் பதிவும் ஒரு நிமிடத்திற்கு ஒரு பைலாக எழுதப்படுகிறது. நான்கு கேமரா என்றால் ஒரு மணி நேரத்தில் 240 பைல்கள். கடைசி 60 நிமிடப் பதிவு மட்டும் வைத்துக் கொள்ளப்படும். அதற்கு முந்தையவற்றின் இடத்தில் புதியவை வந்துவிடும். திரையில் உள்ள டேஷ்கேம் ஐகானைத் தொட்டால் கடைசி 10 நிமிடம் தனி போல்டரில் சேமிக்கப்படும். செட்டிங்ஸில் தேர்ந்தெடுத்திருந்தால் ஹாரன் அடித்தாலும் சேமிக்கும். நான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஆனால் எழுத முடியாத டிரைவில் எதைச் சேமிப்பது?

இங்கு கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் நாம் பென் டிரைவில் ஒரு முறை எழுதிப் பல முறை படிக்கிறோம். கார் நேர்மாறானது. இரவு பகலாக எழுதிக் கொண்டே இருக்கிறது. படிப்பது ஆண்டில் ஓரிரு முறைதான். எனவே நாம் வாங்க வேண்டியது நிறைய எழுத்தைத் தாங்கும் டிரைவ்.

டிரைவ் ஏன் ஆயுள் முடிகிறது?

பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்.எஸ்.டி. ஆகிய மூன்றிலும் இருப்பது பிளாஷ் மெமரி. இதில் தகவல்கள் மிகச் சிறிய செல்களில் மின்னூட்டமாகத் தங்குகின்றன. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் செல் சிறிது தேய்கிறது. ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைக்கும் எஸ்.எல்.சி. வகை, ஒரு லட்சம் முறை வரை தாங்கக் கூடியது. விலை அதிகம் என்பதால் கடைகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டி.எல்.சி. அல்லது நான்கு பிட் வைக்கும் க்யூ.எல்.சி. வகைதான். டி.எல்.சி. பொதுவாக ஆயிரம் முதல் மூவாயிரம் முறை தாங்கும். க்யூ.எல்.சி. அதைவிடக் குறைவு.

தேய்ந்த செல்களுக்குப் பதிலாகப் பயன்படுத்த, டிரைவில் சில உதிரிச் செல்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். அவையும் தீர்ந்துவிட்டால் பல டிரைவ்கள் தம்மைத் தாமே பூட்டிக் கொள்ளும். அதன் பின் படிக்கலாம், எழுத முடியாது. இருக்கும் தகவல்களாவது பத்திரமாக இருக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு இது. கம்ப்யூட்டரில் இது நல்லதே. காரில் இதுவே ஆபத்து. பழைய வீடியோக்கள் அழகாகத் திறப்பதால் எல்லாம் சரியாக உள்ளது என்று நாம் நம்பிவிடுவோம்.

வெப்பமும் ஒரு எதிரி. வெயிலில் மூடி நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் 50 டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டும். சாதாரண பென் டிரைவ்கள் இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல.

ஒரு சிறு கணக்கு

கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும். டெஸ்லாவின் கையேடு, டிரைவ் குறைந்தது 64 ஜிபி கொள்ளளவும், நொடிக்கு 4 எம்பி தொடர்ந்து எழுதும் வேகமும் உடையதாக இருக்க வேண்டும் என்கிறது. இந்த 4 எம்பியையே உச்ச அளவாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்திற்கு 14.4 ஜிபி ஆகிறது. நான் தினமும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறேன். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் சென்ட்ரி மோடில் நிற்கிறது. மொத்தம் பத்து மணி நேரம் என்றால், நாளொன்றுக்கு 144 ஜிபி.

என் பழைய பென் டிரைவ் 64 ஜிபி. அதாவது முழு டிரைவும் தினம் இரண்டே கால் முறை அழித்து எழுதப்பட்டிருக்கிறது. ஆயிரம் முறை தாங்கும் என்று வைத்துக் கொண்டால் 444 நாட்கள். நிஜத்தில் கார் இதைவிடக் குறைவாக எழுதலாம். மலிவான டிரைவ் இதைவிடக் குறைவாகவும் தாங்கலாம். எப்படியும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்பதுதான் அதன் ஆயுள். அது திடீரென்று சாகவில்லை. கணக்குப்படிதான் செத்தது. கணக்கைப் போடாதவன் நான்.

அதே நேரம், 256 ஜிபி டிரைவ் என்றால் அதே எழுத்து நான்கு மடங்கு செல்களில் பரவும். ஆயுளும் ஏறக்குறைய நான்கு மடங்காகும். பெரிய டிரைவ் வாங்குவது அதிக வீடியோ வைத்துக் கொள்வதற்காக அல்ல, தேய்மானத்தைப் பரப்புவதற்காக.

எந்த வகை வாங்கலாம்?

1. சாதாரண பென் டிரைவ்: விலை மலிவு, சிறியது. ஆனால் எத்தனை எழுத்து தாங்கும் என்று அட்டையில் போடுவதில்லை. "நொடிக்கு 400 எம்பி வரை" என்று பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகம் அதில் ஒரு பங்குதான் இருக்கும். அதிலும் முதல் சில நிமிடங்கள் வேகமாக எழுதிவிட்டு, பின்னர் ஆமையாக மாறும் டிரைவ்கள் உண்டு. தவிர்த்துவிடலாம்.

2. ஹை என்டியூரன்ஸ் மெமரி கார்டு: டேஷ்கேம் மற்றும் கண்காணிப்புக் கேமராக்களுக்கென்றே தயாராகும் மைக்ரோ எஸ்.டி. கார்டு இது. ஒரு சிறிய யு.எஸ்.பி. கார்டு ரீடரில் பொருத்திக் காரில் செருகலாம். இதன் சிறப்பு, எத்தனை மணி நேரப் பதிவைத் தாங்கும் என்று நிறுவனமே சொல்லியிருப்பதுதான். சான்டிஸ்க் ஹை என்டியூரன்ஸ் வகையில் 128 ஜிபிக்கு 10,000 மணி நேரம், 256 ஜிபிக்கு 20,000 மணி நேரம். மேக்ஸ் என்டியூரன்ஸ் வகையில் 256 ஜிபிக்கு 1,20,000 மணி நேரம். சாம்சங் ப்ரோ என்டியூரன்ஸ் 256 ஜிபிக்கு 1,40,160 மணி நேரம். இவற்றில் பல, மைனஸ் 25 முதல் 85 டிகிரி வரை இயங்கக் கூடியவை.

இந்த மணிக்கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. சான்டிஸ்க் கணக்கு நொடிக்கு 26 மெகாபிட் வீடியோவுக்கானது. 8 ஆல் வகுத்தால் 3.25 எம்பி. நம் காரின் உச்சம் 4 எம்பி என்பதால், 20,000 மணி நேரம் நமக்கு 16,250 மணி நேரமாகக் குறையும். தினம் பத்து மணி நேரம் என்றால் நான்கரை ஆண்டுகள். பரவாயில்லை!

3. எக்ஸ்டெர்னல் எஸ்.எஸ்.டி.: வேகமும் ஆயுளும் அதிகம். உதாரணமாக, சாம்சங் 870 ஈவோ 250 ஜிபி எஸ்.எஸ்.டி. 150 டெராபைட் எழுத்துக்கு உத்தரவாதம் பெற்றது. ஆனால் கேபிள், பெட்டி எல்லாம் கையுறைப் பெட்டியில் இடத்தை அடைக்கும். சூடும் ஆகும். அதிகபட்ச வெப்ப அளவைப் பார்த்து வாங்க வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வகை. 256 ஜிபி கார்டும், உலோக உடல் கொண்ட ரீடரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

அட்டையில் என்டியூரன்ஸ் என்ற சொல் இருக்கிறதா, மணி நேரமோ டெராபைட்டோ குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார்டு மேல் வி10 என்றிருந்தால் நொடிக்கு 10 எம்பி, வி30 என்றிருந்தால் 30 எம்பி, குறைந்தபட்ச எழுதும் வேகம் உண்டு என்று பொருள். நம் தேவைக்கு இரண்டுமே போதும். உத்தரவாதத்தின் நிபந்தனைகளையும் படிக்கவும். சாதாரண கார்டுகளை டேஷ்கேமில் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்று பல இடங்களில் சிறிய எழுத்தில் இருக்கும்.

போலிகள் அதிகம் என்பதால், வாங்கியவுடன் சோதித்துவிடுங்கள். 16 ஜிபி கார்டையே 256 ஜிபி என்று காட்டும்படி மாற்றி விற்பார்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராமை இயக்கவும். இது கார்டு முழுவதும் எழுதி, மீண்டும் படித்துச் சரி பார்க்கும். மேக் அல்லது லினக்ஸ் என்றால் எப்3 என்ற புரோகிராம் உள்ளது. சில மணி நேரம் ஆகும், பொறுமையாக இருக்கவும்.

பார்மட் செய்வது எப்படி?

டெஸ்லா கார்கள் எக்ஸ்பேட், பேட்32, இ.எக்ஸ்.டி.3, இ.எக்ஸ்.டி.4 ஆகிய பைல் முறைகளை ஏற்கும். என்.டி.எப்.எஸ். ஏற்காது. எளிய வழி, டிரைவைக் காரில் செருகி, திரையில் கன்ட்ரோல்ஸ், அதில் சேப்டி சென்று, யு.எஸ்.பி. டிரைவை பார்மட் செய்யும் கட்டளையைத் தருவதுதான். தேவையான போல்டரையும் காரே உருவாக்கிக் கொள்ளும். டிரைவில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். 2021 நவம்பர் வாக்கில் இருந்து தயாரான சில கார்களில், இருக்கைகளுக்கு நடுவே உள்ள யு.எஸ்.பி. இடங்கள் சார்ஜ் மட்டுமே செய்யும். டிரைவைக் கையுறைப் பெட்டியில் உள்ள இடத்தில்தான் செருக வேண்டும்.

டிரைவை எடுக்கும்போது சட்டென்று பிடுங்காதீர்கள். டேஷ்கேம் ஐகானை அழுத்திப் பிடித்துப் பதிவை நிறுத்திவிட்டு எடுக்கவும். எழுதிக் கொண்டிருக்கையில் பிடுங்கினால் பைல் முறையே கெட்டுப் போகலாம்.

மாதம் ஒரு முறை ஐந்து நிமிடம்

எவ்வளவு நல்ல டிரைவ் வாங்கினாலும் ஒருநாள் தேயத்தான் போகிறது. எனவே இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை இவற்றைச் செய்கிறேன்.

1. ஹாரன் அடித்து ஒரு பதிவைச் சேமிக்கச் செய்கிறேன்.

2. டிரைவை லேப்டாப்பில் செருகி, அந்தப் பதிவின் தேதியும் நேரமும் சரியா என்று பார்க்கிறேன். நான்கு கேமராவின் பைல்களையும் ஓட்டிப் பார்க்கிறேன்.

3. தேவையான வீடியோவை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்துவிட்டு, சேமித்த பழையவற்றை அழிக்கிறேன். நாமாகச் சேமித்தவை தாமாக அழியாது. இடத்தை அடைத்துக் கொண்டே போகும்.

கார்டு ரீடரின் மேல் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். நான்கு ஆண்டு முடிந்தால், நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவேன்.

நம் ஊர் வாசகர்களுக்கு

டெஸ்லா 2025 ஜூலையில்தான் மும்பையில் தன் முதல் ஷோரூமைத் திறந்தது. அந்தக் கார் நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாராகி 2023ல் அறிமுகமான ஹூண்டாய் எக்ஸ்டரின் உயர் மாடல்களிலும் டேஷ்கேம் பொருத்தியே வருகிறது. கடையில் வாங்கிப் பொருத்தும் டேஷ்கேம்களிலும், வீட்டு வாசலில் மாட்டும் வைபை கேமராக்களிலும் மைக்ரோ எஸ்.டி. கார்டுதான் வேலை செய்கிறது. சென்னை வெயிலில் அந்தக் கார்டு படும் பாடு இங்குள்ளதை விட அதிகமாகவே இருக்கும்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் உங்கள் காருக்குச் சென்று அந்தக் கார்டை எடுத்துப் பாருங்கள். கடைசி வீடியோவின் தேதி என்ன? அது இன்றைய தேதியாகவோ, நீங்கள் கடைசியாகக் காரை ஓட்டிய தேதியாகவோ இல்லையென்றால், உங்கள் காரில் கேமரா இருந்தும் இல்லை.