நண்டு வளையும் நாலு மணி நேரச் சுவரும்

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு கதவு உண்டு. திறந்தால் உள்ளே மீட்டர் வயர், டெலிபோன் வயர், இன்டர்நெட் கேபிள் எல்லாம் கொடிபோலப் பின்னிக்கொண்டு கீழிருந்து மேலே ஏறும். ‘டக்ட்’ என்பார்கள். போன வருடம் புதுக் கேபிள் இழுக்க வந்த இளைஞர் எங்கள் தளத்துக் கான்கிரீட்டில் முழங்கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை குடைந்தார். வேலை முடிந்ததும் பையைத் தூக்கிவிட்டார்.

“தம்பி, இதை அடைக்க மாட்டீங்களா?”

“அடைச்சா அடுத்த தடவை கேபிள் வரும்போது மறுபடி குடையணுமே சார்.”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஏரிக்கரையில் வளை தோண்டும் நண்டிடம் கேட்டாலும் அதுவும் ஏதோ ஒரு நியாயம் சொல்லும். ஆனால் அந்த ஓட்டை இருக்கும் இடம் சாதாரண இடம் அல்ல. ஒரு தளத்தில் பிடித்த தீ அடுத்த தளத்துக்குப் போகாமல் தடுக்கத்தான் அங்கே கான்கிரீட் போட்டிருக்கிறார்கள்.

கட்டட விதிகளை முதல்முறை படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது ஒன்றுதான். தீ பிடிக்கவே கூடாது என்று அவை சொல்வதில்லை. பிடிக்கத்தான் போகிறது என்று ஒப்புக்கொண்டே தொடங்குகின்றன. பிடித்த தீ பிடித்த இடத்திலேயே எவ்வளவு நேரம் கிடக்கும் என்பதுதான் அவற்றின் கவலை. அதனால் சுவரின் பலத்தை அடியிலோ இஞ்சிலோ அளக்காமல் மணிக்கணக்கில் அளக்கிறார்கள். ஒரு மணி நேரச் சுவர், இரண்டு மணி நேரச் சுவர், நாலு மணி நேரச் சுவர்.

இந்த மணிக்கணக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சுவரின் மாதிரி ஒன்றைக் கட்டி, அதையே கதவாக வைத்து ஓர் உலையை மூடுவார்கள். உலையின் சூடு பல நாடுகள் ஒத்துக்கொண்ட ஒரு கணக்கின்படி ஏறும்: ஐந்தாவது நிமிடத்தில் 576 டிகிரி செல்சியஸ், அரை மணியில் 842, ஒரு மணியில் 945, இரண்டு மணியில் 1,049. மறுபக்கம் நிற்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிப்பார்கள். பாரம் தாங்கும் சுவர் என்றால் சாயாமல் நிற்கிறதா? விரிசல் வழியாக நெருப்போ சுடுகாற்றோ வருகிறதா? (சந்தேகம் வந்தால் ஒரு பஞ்சுத் திண்டை விரிசலருகே காட்டுவார்கள், பஞ்சு பற்றிக்கொண்டால் சுவர் தோற்றது.) மூன்றாவதுதான் பலர் யோசிக்காதது. சுவரின் இந்தப் பக்கம் எவ்வளவு சுடுகிறது? சராசரியாக 140 டிகிரிக்கு மேல் சூடு ஏறினாலோ, ஏதாவது ஒரு புள்ளியில் 180 டிகிரிக்கு மேல் ஏறினாலோ ஆட்டம் முடிந்தது. சுவர் இடியாமல் நின்றாலும், இந்தப் பக்கம் சாத்தி வைத்த அட்டைப்பெட்டி தானாகப் பற்றிக்கொண்டால் அந்தச் சுவரால் என்ன பயன்?

நம் ஊர் ஒன்பது இஞ்சுச் செங்கல் சுவர் இந்தப் பரீட்சையில் நாலு மணி நேரத்தை அலட்டிக்கொள்ளாமல் தாண்டிவிடும். ஏற்கெனவே சூளையில் வெந்து வந்த பொருள் அது. மரச்சட்டத்தில் வீடு கட்டும் அமெரிக்காவில் அந்த வசதி இல்லை. அங்கே ஜிப்சம் போர்டுதான் காப்பு. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் தண்ணீர். தீ பட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேற வேண்டும். அதுவரை பலகையின் பின்பக்கம் நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நெருப்புக்குள் போவது போன்ற தந்திரம். அங்குள்ள வீட்டு விதியில், காரை நிறுத்தும் கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடையே அரை இஞ்சு ஜிப்சம் போர்டாவது கட்டாயம். கொட்டகைக்கு மேலே வசிக்கும் அறை இருந்தால் கூரைக்கு அதைவிடக் கனமான, தீக்கென்றே செய்த போர்டு வேண்டும்.

சரி, எங்கெங்கே பிரிக்கச் சொல்கிறார்கள்?

மிகப் பழைய பதில்: சொத்து பிரியும் இடத்தில். லண்டனின் முதல் மேயர் ஹென்றி ஃபிட்ஸ் ஐல்வின் பெயரில் 12-ம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஒரு விதி இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒன்றரை அடி நிலம் விட்டு, செலவைப் பகிர்ந்துகொண்டு, 3 அடி கனத்தில் 16 அடி உயரத்துக்குக் கல்சுவர் எழுப்பலாம் என்கிறது அது. நம் பத்திரங்களில் ‘பொதுச்சுவர்’ என்று எழுதுகிறோமே, அதேதான். ஆனால் எல்லோரும் அப்படிக் கட்டவில்லை. 1666 செப்டம்பரில் புட்டிங் லேனில் ஒரு ரொட்டிக் கடையில் தொடங்கிய தீ சுமார் 13,200 வீடுகளை விழுங்கியது. மறுவருடமே செங்கல்லும் கல்லும் தவிர வேறெதிலும் வெளிச்சுவர் கூடாது என்று சட்டம் வந்தது.

இன்றைய விதிகளில் இந்தப் பொதுச்சுவரின் வாரிசு ஒரு வினோதமான சுவர். ஒரு பக்கத்துக் கட்டடம் முழுவதும் எரிந்து சரிந்தாலும் அது மட்டும் தனியே நிற்க வேண்டும். அஸ்திவாரத்தில் தொடங்கிக் கூரையோடு நின்றுவிடாமல், பெரும்பாலும் கூரைக்கு மேலும் இரண்டரை அடி எழும்பி நிற்க வேண்டும், தீ மேலே ஏறித் தாண்டாமலிருக்க. இதை நினைவில் வைத்துக்கொண்டு நம் அலுவலகங்களைப் பாருங்கள். பல இடங்களில் சுவர் ஃபால்ஸ் சீலிங் வரைதான் போயிருக்கும். கீழே நின்று பார்த்தால் பிசிறில்லாத சுவர். சீலிங் தகடு ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் மேலே இரண்டடிக்கு வெட்டவெளி. விவரம் தெரிந்த ஆய்வாளர் முதலில் ஏணி கேட்பது இதனால்தான்.

இரண்டாவது பதில், பயன் மாறும் இடத்தில். கீழே கடை, மேலே வீடு. ஒரு பக்கம் கிடங்கு, மறுபக்கம் டியூஷன் வகுப்பு. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கட்டடங்களை வீடு, கல்விக்கூடம், மருத்துவமனை, மக்கள் கூடுமிடம், அலுவலகம், கடை, தொழிற்சாலை, கிடங்கு, ஆபத்தான பொருள் உள்ள இடம் என்று ஒன்பதாகப் பிரிக்கிறது. இரண்டு வகை ஒரே கூரைக்குள் வந்தால் என்ன செய்வது? அமெரிக்காவின் மாதிரிக் கட்டட விதி இதற்கு இரண்டு வழி தருகிறது. நடுவில் இத்தனை மணி நேரத் தடுப்பு போடு. அல்லது இரண்டில் எதற்குக் கெடுபிடி அதிகமோ அதை முழுக் கட்டடத்துக்கும் ஏற்றுக்கொள். எனக்கு இது பிடித்திருக்கிறது. சுவர் கட்டுவதும் கட்டாததும் உன் விருப்பம், ஆனால் கட்டாவிட்டால் ஆபத்தான அண்டை வீட்டானின் சட்டம் உனக்கும் சேர்த்து.

கட்டடத்தின் அளவில் சின்னதாகவும் ஆபத்தில் பெரிதாகவும் இருக்கும் அறைகள் தனி ரகம்: ட்ரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், பாய்லர், குப்பை சேரும் அறை. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் ‘பார்டர்’ படம் ஓடிக்கொண்டிருந்தது. தரைத்தளத்தில் கார் நிறுத்துமிடத்தை ஒட்டி இருந்த ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து எண்ணெய் கசிந்து தீப்பிடித்தது, கார்களுக்குப் பரவியது. நெருப்பு மேலே வரவில்லை, புகை வந்தது. படிக்கட்டு வழியாக ஏறிப் பால்கனியை நிறைத்தது. இறந்த 59 பேரில் பெரும்பாலோர் மூச்சுத் திணறி இறந்தவர்கள். அரங்கம் எரிந்து போனதா என்று கேட்டால் இல்லை. கீழே இருந்த ஓர் அறையின் புகையை மேலே இருந்த கூட்டத்திடமிருந்து பிரித்து வைக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

மூன்றாவது, பரப்பு. ஒரே பயன்தான், ஒரே முதலாளிதான் என்றாலும் ஓர் அளவுக்கு மேல் பிரித்தே ஆகவேண்டும். நம் விதித்தொகுப்பின் 2005 பதிப்பு, ஒரு தளம் 750 சதுர மீட்டரைத் தாண்டினால் இரண்டு மணி நேரச் சுவரால் தடுக்கச் சொன்னது. ஸ்பிரிங்ளர் இருந்தால் பாதி கூடுதலாக விடலாம். நீளமான கட்டடமானால் 40 மீட்டருக்கு ஒரு சுவர். பெரிய கடைகளுக்கும் நிலவறைக்கும் 500 சதுர மீட்டராகக் குறைக்கலாம் என்றது. கடைக்கு ஏன் கூடுதல் கெடுபிடி என்று கேட்டால், தியாகராய நகரைத்தான் சொல்ல வேண்டும். 2017 மே 31 அதிகாலை அங்கே ஏழு மாடி ஜவுளிக் கடை ஒன்றில் பிடித்த தீ ஒரு நாளைக்கும் மேல் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி தானே இடிந்து விழுந்தது. மீதியை இடிக்க வேண்டியதாயிற்று. துணி அடுக்கிய கடை, தன் விறகைத் தானே சுமந்து நிற்கும் அடுப்பு. ஆனால் கடைக்காரர்களின் கனவோ நேர் எதிரானது. நுழைந்ததும் பட்டுப் பிரிவிலிருந்து பாத்திரப் பிரிவு வரை கண் ஓட வேண்டும், நடுவில் சுவர் கூடாது. அதற்காகவே மேலே சுருண்டு கிடந்து, தீப்பிடித்தால் தானே இறங்கும் ஷட்டர்கள் வந்தன. அவை இறங்கும் தடத்தில் தள்ளுபடிச் சேலைகளின் மேசை போடாமலிருந்தால் வேலை செய்யும்.

நான்காவது, தூங்குகிறவர்கள். விழித்திருப்பவர் புகையை மோந்து ஓடிவிடுவார், தூங்குகிறவரால் முடியாது. அதனால்தான் ஒரு பிளாட்டுக்கும் அடுத்த பிளாட்டுக்கும் இடையே தடுப்பு. லாட்ஜ் அறைகளுக்கும் அப்படியே. எழுந்து ஓடவே முடியாத நோயாளிக்கு இன்னொரு படி மேலே போகிறார்கள். மருத்துவமனைத் தளத்தையே குறுக்காக இரண்டாகப் பிரித்து, நடுவில் கட்டில் நுழையும் அகலத்துக்கு இரட்டைக் கதவு வைப்பார்கள். தீ வந்தால் நோயாளியைப் படிக்கட்டில் இறக்க வேண்டியதில்லை. கட்டிலோடு கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளினால் போதும். 2011 டிசம்பர் 9 விடியுமுன் கொல்கத்தா தாகுரியாவில் ஒரு மருத்துவமனையின் நிலவறையில் தீப்பிடித்தது. கார் நிறுத்த வேண்டிய அந்த நிலவறை சாமான் கிடங்காகியிருந்தது. புகை மேலேறி வார்டுகளை நிறைத்ததில் 90 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஐந்தாவதைத்தான் எங்கள் டக்ட் எனக்குச் சொல்லிக்கொடுத்தது: மேலும் கீழுமாக ஓடும் எல்லாமே. படிக்கட்டு, லிஃப்ட் குழி, கேபிள் குழி, குழாய்க் குழி, ஏசி காற்றுக் குழாய். தீக்குப் பக்கவாட்டில் போவது நடை, மேலே போவது ஓட்டம். நான்கு தளங்களையோ அதற்கு மேலோ இணைக்கும் குழிக்கு அமெரிக்க விதி இரண்டு மணி நேரச் சுவர் கேட்கிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் மாட்ரிட் நகரின் 32 மாடி விண்ட்சர் கோபுரம். 2005 பிப்ரவரி 12, சனிக்கிழமை இரவு 21-வது தளத்தில் தீ தொடங்கியது. அங்கே தளங்கள் கான்கிரீட்தான், குறையில்லை. ஆனால் தளம் முடியும் இடத்துக்கும் வெளியே தொங்கவிட்ட கண்ணாடி முகப்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி. யாரும் அதை அடைத்திருக்கவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மேலிருந்த தளங்கள் எல்லாம் பற்றின. பிறகு எரிந்து விழுந்த துண்டங்களோடு தீ கீழேயும் இறங்கியது. இதில் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. அப்போது அந்தக் கட்டடத்தில் தீக்காப்பு வேலைதான் நடந்துகொண்டிருந்தது. கீழிருந்து தொடங்கி, இரும்புத் தூண்களுக்குக் கவசம் போட்டுக்கொண்டே 17-வது தளம் வரை வந்திருந்தார்கள். அதற்கு மேலே கவசம் இல்லாத சுற்றுத் தூண்கள் வளைந்து தளங்களின் விளிம்புகள் சரிந்தன. 17-வது தளத்தின் கனமான அமைப்பில் வந்து சரிவு நின்றது. ஆளில்லாத இரவாதலால் யாரும் சாகவில்லை.

ஆக, சுவரும் தளமும் பெரும்பாலும் தம் வாக்கைக் காப்பாற்றிவிடுகின்றன. தோற்பது ஓட்டைதான். விதிகளிலேயே அனுமதி பெற்ற பெரிய ஓட்டை கதவு. இரண்டு மணி நேரச் சுவருக்கு ஒன்றரை மணி நேரக் கதவு போதும் என்கிறது அமெரிக்க விதி. ஏமாற்று வேலை போலத் தோன்றும். ஆனால் சுவரை ஒட்டி பீரோ நிற்கும், புத்தக அடுக்கு நிற்கும். கதவை ஒட்டி யாரும் எதையும் வைக்க மாட்டார்கள் என்பது கணக்கு. (விதி எழுதியவர் நம் குடியிருப்பின் மாடிப்படிக் கதவைப் பார்த்ததில்லை, எங்கள் தளத்தில் அங்கே இரண்டு சைக்கிளும் ஒரு பழைய மெத்தையும் இருக்கின்றன.) தீக்கதவின் சட்டத்து விளிம்பில் கறுப்பாக ஒரு பட்டை ஓடும். சூடு பட்டால் அது அப்பளம் போல உப்பிக் கதவிடுக்கை அடைத்துவிடும். ஆனால் கதவு மூடியிருந்தால்தானே? லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று பிடித்த தீயில் 72 பேர் இறந்தார்கள். நாலாவது தளத்துச் சமையலறையில் தொடங்கிய தீ, வெளிமுகப்புப் பலகைகள் வழியாகத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு ஏறியது. உள்ளே பல வீட்டுக் கதவுகளில் தானே மூடும் கருவி உடைந்தோ கழன்றோ இருந்ததால் நடைவழிகளிலும் படிக்கட்டிலும் புகை நிறைந்தது. நூறு ரூபாய் மரத்துண்டை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்த கதவும் அதே ரகம்தான்.

கேபிள் தம்பியின் வாதத்துக்கு ஒரு பதில் இருப்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஓட்டையைச் சிமென்ட் வைத்துப் பூச வேண்டியதில்லை. சூட்டில் உப்பும் பொருளை உள்ளே வைத்துத் தைத்த குட்டித் தலையணைகள் விற்கிறார்கள். கேபிள்களைச் சுற்றி இறுக்கித் திணித்துவிடலாம். புதுக் கேபிள் வந்தால் ஒன்றை உருவி, கேபிளை விட்டு, மறுபடி திணித்துக்கொள்ளலாம். சங்கக் கூட்டத்தில் பேசி, தளத்துக்கு ஏழெட்டு வாங்கி அடைத்தோம். போன வாரம் கதவைத் திறந்து பார்த்தேன். எங்கள் தளத்தில் மஞ்சள் நிறத்தில் புதிதாக ஒரு கேபிள் ஏறியிருக்கிறது. தலையணை ஒன்று குறைகிறது. கீழே வாட்ச்மேன் நாற்காலியில் அது திண்டாகக் கிடக்கிறது.